வழிக்கனிமமும் நிக்கல் பூவும்

சென்ற திங்கள் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, “ஐயா, இரண்டாந்தரக் கனிமம் என்றால் மட்டமான கனிமமா?” என்று கேட்டான். கேட்டவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவன் கையில் இருந்தது வாசிப்புப் பயிற்சிக்காக நானே எழுதிப் படியெடுத்துக் கொடுத்த தாள். அதில் இருந்த வரிகளை அப்படியே ஈண்டுத் தருகிறேன்: “அன்னபெர்கைட்டு என்பது ஓர் அரிய இரண்டாந்தர நிக்கல் கனிமம். இதன் நிறம் பச்சை. இதன் கடினம் 1.5 முதல் 2.5 வரை. இதன் ஒப்படர்த்தி 3.07. இது நிக்கல் மலர் என்றும் அழைக்கப்படுகிறது.”

பையனுக்கு அன்று நேர்விடை சொல்ல இயலவில்லை. “அப்படி இல்லை, பிறகு சொல்கிறேன்” என்று அமர வைத்தேன். வீட்டுக்கு வந்து தாளை மீண்டும் படித்தபோதுதான், ஐந்து வாக்கியங்களிலும் பிழை என்று ஒன்றைச் சுட்ட முடியாவிட்டாலும், ஐந்தில் ஒன்றுகூட அந்தப் பொருளைப் பற்றி எதையும் விளக்கவில்லை என்பது புலப்பட்டது. தமிழில் அறிவியல் எழுதப் புகும் நம்மில் பலர் இப்படித்தான் எழுதுகிறோம். ஆங்கில நூலின் அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாக்கியம் செய்து, “ஆகும்” என்று முடித்தால் அறிவியல் தமிழ் பிறந்துவிட்டதென்று எண்ணுகிறோம். பிறரைக் குறை கூறுமுன் என் தாளையே எடுத்து ஆராய்வது முறையென்று கருதி இதனை எழுதுகிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

முதலில் பொருள் இன்னதென்று தெரிந்துகொள்வோம். செருமனியின் சாக்சனி நாட்டில், போகீமிய எல்லையை ஒட்டிக் கனிவள மலைத்தொடர் ஒன்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வெள்ளி கிடைத்தது. அதனைச் சுற்றி 1496இல் எழுந்த ஊரே அன்னபெர்க்கு. வெள்ளி தோண்டிய சுரங்கத் தொழிலாளர்க்கு அடிக்கடி ஒரு செந்நிறக் கல் அகப்பட்டது. பார்த்தால் செம்பு போல இருக்கும். காற்றும் ஈரமும் பட்ட இடங்களில் அதன்மேல் பச்சை படர்ந்திருக்கும். செம்பின்மேல் பச்சைக் களிம்பு ஏறுவதை அறிந்தவர்கள், இது செம்புக் கல்லே என்று முடிவு கட்டி உலையில் இட்டார்கள். செம்பு வரவில்லை, நச்சுப் புகை வந்தது. மலையில் வாழும் குறும்புப் பேய் செம்பைத் திருடிக்கொண்டு வெறுங் கல்லை வைத்துவிட்டது என்று நம்பி, அதற்குக் ‘குப்பர்நிக்கல்’ என்று பெயரிட்டார்கள். நம் வழக்கில் ‘செப்புக் குட்டிச்சாத்தான்’ என்று சொன்னால் பொருள் சரியாக இருக்கும். இன்று அதன் பெயர் நிக்கலைன். நிக்கலும் ஆர்செனிக்கும் அணுவுக்கு அணு சேர்ந்த கூட்டு. அதன்மேல் படரும் பச்சையே நாம் பேசவந்த அன்னபெர்கைட்டு. 1852இல் புரூக்கு, மில்லர் என்னும் இரு பிரித்தானியக் கனிமவியலாரே ஊரின் பெயரால் அதற்கு இப்பெயரைச் சூட்டினர்.

அந்த ஊரைப் பற்றி ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஆதாம் ரீசு என்னும் கணக்காசிரியர் 1520களில் அங்கே குடியேறிக் கணக்குப் பள்ளி நடத்தி, சுரங்க அலுவலகத்திலும் பணி செய்து, 1559இல் மறைந்தார். கற்றோர் இலத்தீனில் எழுதிய காலத்தில் அவர் கணக்கு நூலைச் செருமானிய மொழியில் எழுதினார். இன்றும் செருமானியர் ஒரு கூட்டலைச் சரியென்று உறுதி கூறும்போது, ஆதாம் ரீசின் கணக்குப்படி என்று சொல்வார்கள். தாய்மொழியில் கணக்கும் அறிவியலும் கற்பிக்கலாமா என்று 2003இலும் அதற்குப் பின்னும் நம் நாட்டில் எழுந்த வழக்கை நினைவிற் கொண்டவர்களுக்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தரும்.

இனிப் பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘செக்கண்டரி’ என்ற ஒரு சொல்லே எங்கும் வழங்குகிறது. அதே சொல் பள்ளியின்முன் வரும்போது நாம் ‘இடைநிலைப் பள்ளி’ என்கிறோம். ‘இரண்டாந்தரப் பள்ளி’ என்று எவரும் எழுதுவதில்லை. எழுதினால் அப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சும்மா இராது! கனிமத்தின்முன் வரும்போது மட்டும் ஏன் இரண்டாந்தரம்? கல்லுக்குச் சங்கம் இல்லை என்பதாலா? ‘தரம்’ என்பது தமிழில் உயர்வு தாழ்வு காட்டும் சொல். தேயிலையிலும் ரப்பர்ப் பாலிலும் தரம் பிரித்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அச்சொல் என்ன பொருள் தரும் என்பதை நான் எண்ணியிருக்க வேண்டும். ‘இரண்டாம் நிலைக் கனிமம்’ என்று சிலர் எழுதுகின்றனர். அது குற்றமற்றது, ஆயினும் எதற்கு இரண்டாவது, எப்படி இரண்டாவது என்பதை அது சொல்லவில்லை.

நம் மொழியிலேயே இதற்கு ஆயத்தமான சொல் கிடக்கிறது. நூலை முதல்நூல், வழிநூல் என்று தொல்காப்பியம் பிரித்தது. நன்னூல் அவற்றோடு சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கியது. முதல்நூலை அடியொற்றி, அதிலிருந்து சிலவற்றை வேறுபடுத்திச் செய்யப்படுவது வழிநூல். வழிநூல் என்று சொல்லும்போது அது மட்டமான நூல் என்று எந்த மாணவனும் எண்ணுவதில்லை. கம்பன் செய்தது வழிநூலே. பாறை உருவான காலத்தில் வெப்பத்தாலும் நிலத்தடி நீராவியாலும் படிந்த கனிமத்தை ‘முதற்கனிமம்’ என்றும், அது பின்னர் மேற்பரப்பின் காற்றாலும் மழைநீராலும் மாறிப் பிறந்ததை ‘வழிக்கனிமம்’ என்றும் சொல்வோமானால், சொல்லே பாடத்தின் பாதியைச் சொல்லிவிடும். நிக்கலைன் முதல், அன்னபெர்கைட்டு வழி. முதலில் இருந்த நிக்கலும் ஆர்செனிக்கும் வழியிலும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவை ஆக்சிசனும் நீரும்.

இந்த ஒப்புமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் ஒரு நிக்கல் அணுவுக்கு ஓர் ஆர்செனிக் அணு. வழியிலோ மூன்று நிக்கலுக்கு இரண்டே ஆர்செனிக். ஆகவே மூன்றில் ஒரு பங்கு ஆர்செனிக் மிஞ்சுகிறது. அது நீரோடு போகும். அல்லது பக்கத்துப் பாறையிலுள்ள வேறொன்றோடு சேரும். வழிநூலாசிரியன் விட்டதை விட்டுக் கொண்டதைக் கொள்வது போலத்தான் இது. இன்னொன்று: நிக்கலின் இடத்தில் ஓரளவு மக்னீசியம் புகுந்த வகை ஒன்று இசுப்பானிய நாட்டுக் கப்ரேரா மலையில் கிடைத்தது, அதனைக் கப்ரேரைட்டு என்றனர். இப்படி வேறோர் இடத்துப் பொருளையும் வாங்கிக்கொண்டதைச் ‘சார்புக் கனிமம்’ என்று சொல்லலாமே என்று என் பயிற்சிக்கால நண்பர் ஒருவர் கூறினார். அங்கேதான் நான் நிற்க விரும்புகிறேன். இலக்கணத்தின் மூன்று பிரிவுக்கும் கல்லில் மூன்று தேடத் தொடங்கினால், பிறகு கல்லைப் பார்க்கமாட்டோம், இலக்கணத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். முதல், வழி என்ற இரண்டும் போதும்.

‘இரண்டாந்தரம்’ என்ற சொல் பொருளாலும் பொய் என்பதற்கு இருபெருஞ் சான்றுகள் உள்ளன. ஒன்று, நிக்கல் என்னும் உலோகம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு. 1751இல் சுவீடன் நாட்டு ஆக்செல் பிரெடரிக்கு குரோன்சுடெட்டு என்பார், எல்சிங்லாந்துப் பகுதியில் லோசு என்னும் ஊரின் கோபால்ட்டுச் சுரங்கத்துக் கல்லை ஆராய்ந்தார். அமிலத்தில் கரைத்து அதில் இரும்புத் துண்டை இட்டார். செம்பு இருந்தால் இரும்பின்மேல் செம்பு படியும், படியவில்லை. அந்தச் செய்கையால் ‘பச்சையெல்லாம் செம்பு’ என்ற பழங்கருத்து உடைந்தது. பிறகு அவர் எடுத்துக்கொண்டது எதனை? கல்லின் உட்புறத்தையன்று, வெயிலும் மழையும் பட்டு அதன்மேல் படிந்திருந்த பச்சைப் படிகங்களையே. அவற்றைச் சுட்டு நீறாக்கி, அந்நீற்றைக் கரியோடு சேர்த்து உருக்கியபோது வெண்ணிறமான, செம்பின் சாயலே இல்லாத உலோகம் கிடைத்தது. 1754இல் பேயின் பெயரையே சுருக்கி அதற்கு நிக்கல் என்று பெயரிட்டார். முதலில் ஒளிந்திருந்ததை வழிதான் காட்டிக்கொடுத்தது. என் தாளில் இந்த வரலாற்றுக்கு ஒரு வரிகூட இடமில்லாமற் போயிற்று. ஒப்படர்த்திக்கு மட்டும் இடம் கிடைத்தது.

மற்றொன்று, இன்றைய நிக்கல் தொழில். அன்னபெர்கைட்டு எங்கும் வணிகத்துக்குப் போதுமான அளவில் இல்லை என்பது உண்மை. ஆனால் வழிக்கனிமம் என்ற இனம் முழுவதும் அப்படியன்று. வெப்பமண்டலத்து மழையில் பாறை சிதைந்து உண்டான செம்பொறை மண்ணில் சேர்ந்த நிக்கல்தான் நியூ கலிடோனியாவிலும், நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் சுலவேசியிலும் தோண்டப்படுகிறது. உலகில் மிகுதியாக நிக்கல் தோண்டும் நாடு இன்று இந்தோனேசியாவே. அந்நிக்கல் முதற்பாறையில் இருந்த இடத்தைவிட்டு இறங்கிச் சேர்ந்த நிக்கல். அதனை இரண்டாந்தரம் என்பார் உளரோ?

நிக்கல் நம் பிள்ளைகளுக்கு அயலான பொருளும் அன்று. 2012இல் புதிய வரிசை வெளிவருமுன் நம் நாட்டில் வழங்கிய 10, 20, 50 காசு நாணயங்களில் நூற்றுக்கு 25 பங்கு நிக்கல், எஞ்சியது செம்பு. பழைய 20 காசு ஒன்றை வகுப்பில் சுற்றுக்கு விட்டால் பாடம் தானே தொடங்கும். வெள்ளையாக இருக்கும் இதில் முக்காற்பங்கு செம்பா என்று பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அடுத்து எண்கள். “கடினம் 1.5 முதல் 2.5 வரை” என்று எழுதிவிட்டேன். எதைக் கொண்டு அளந்தது? மோசு என்பவரின் பத்துப் படி ஏணியில் மாக்கல் 1, உறைகளிக்கல் 2, வைரம் 10. நம் விரல் நகம் ஏறக்குறைய 2.5. ஆகவே அன்னபெர்கைட்டு நகத்தாலேயே கீறுபடும். அதன் முதலாகிய நிக்கலைனோ 5க்கு மேல். பேனாக்கத்திக்கும் எளிதில் பணியாது. கத்திக்குப் பணியாத கல் காற்றும் நீரும் பட்டு நகத்துக்குப் பணிவதாக மாறுகிறது என்று எழுதியிருந்தால், இரு எண்களும் ஒரு செய்தி ஆகியிருக்கும்.

ஒப்படர்த்தியும் அவ்வாறே. 3.07 என்று தனியே நின்றால் அது வெறும் எண். நிக்கலைனின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 7.8 என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். அணுநிறைகளைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டேன். நிக்கலைனில் ஒரு குறிப்பிட்ட அளவு நிக்கல் அடைத்துக்கொள்ளும் இடத்தைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றே குறைந்த இடத்தை, அதே அளவு நிக்கல் அன்னபெர்கைட்டில் அடைத்துக்கொள்கிறது. ஊறிய அரிசி போலப் பருத்துவிடுகிறது என்க. அதனால்தான் அது கல்லுக்குள் அடங்கியிராமல் வெளியே பொருமி, மேலே மாவாகவும் ஓடாகவும் நிற்கிறது. பருத்ததற்குக் காரணம் உள்ளே புகுந்தவை. நூறு பங்கு அன்னபெர்கைட்டில் நிக்கல் 29, ஆர்செனிக் 25, ஆக்சிசன் 21, நீர் 24 என்று முழு எண்ணில் சொல்லலாம். பின்னங்களை விட்டதால் ஒன்று குறையும். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நீராக இருக்கும் ஒரு கல்! இதைச் சொல்லாமல் விட்ட ஆசிரியனை என்னவென்பது? சூடாக்கினால் அந்நீர் வெளியேறும். கையில் பிடித்தால் ஈரம் சிறிதும் தெரியாது.

“நிறம் பச்சை” என்பது இன்னும் மோசம். எப்பச்சை? இலைப்பச்சையா, கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா? ஆங்கில நூல்கள் ஆப்பிள் பச்சை என்கின்றன. பச்சை ஆப்பிள் கடையில் கிடைக்கும் இக்காலத்தில் அதையே சொன்னாலும் தவறில்லை. நான் ‘இளங்கொய்யாக்காய்ப் பச்சை’ என்று எழுதுவேன். தேய்த்தால் விழும் பொடி அதனினும் வெளிறியது. அந்தப் பச்சை நீரோடு சேர்ந்த நிக்கலுக்கு உரியது. இதே கட்டமைப்பில் நிக்கலுக்குப் பதிலாகக் கோபால்ட்டு அமர்ந்தால் அது எரித்திரைட்டு என்னும் செந்நிற வழிக்கனிமம். இரண்டும் எந்த விகிதத்திலும் கலக்கும். பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் இடைப்பட்டவை சாம்பல் பூசி மங்கிக் கிடக்கும். உடன்பிறந்தார் இருவர் தனித்தனியே அழகாக இருந்து, ஒரே வீட்டில் இருக்கும்போது சோபை குன்றுவது போல என்று என் துணைவியார் சொன்னார். அவர் சொன்னது கல்லைப் பற்றித்தான் என்று நம்புகிறேன். நிக்கலின் பச்சைக்கு நம் நாட்டிலேயே வேறொரு சான்றும் உண்டு: சபாவின் நிக்கல் மிகுந்த மண்ணில் வளரும் ஒரு சிறுமரத்தின் பட்டையைக் கீறினால் பச்சைச் சாறு வடிகிறது. அம்மரம் நெல்லி, கீழாநெல்லி ஆகியவற்றின் இனத்தது.

“அரிய” என்ற அடைமொழியும் ஆராயத்தக்கதே. பச்சைப் பூச்சாக, மாவாக அது நிக்கலும் ஆர்செனிக்கும் சேர்ந்து கிடக்கும் இடங்களில் பலமுறை காணப்படுவதுதான். கனடாவின் ஒண்டேரியோவில், 1903இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட கோபால்ட்டு என்னும் ஊரின் சுரங்கங்களிலும் அது உண்டு. அரியது எது? கண்ணுக்குத் தெரியும் அளவில் நன்கு வளர்ந்த படிகம். அதற்குப் பெயர் பெற்ற இடம் கிரேக்க நாட்டு இலாவ்ரியோன். கி.மு. 483இல் அங்கே கிடைத்த வெள்ளியைக் கொண்டு ஏதென்சு மக்கள் கப்பற்படை கட்டினார்கள் என்று வரலாற்றில் படித்திருப்போம். அதே சுரங்க நிலம்தான். ஆகவே “படிகமாகக் கிடைப்பது அரிது, பூச்சாகக் கிடைப்பது அவ்வளவு அரிதன்று” என்பதே நேர்மையான வாக்கியம். ‘அரிய’ என்று மட்டும் எழுதினால் மாணவன் விலையைத்தான் நினைப்பான்.

கடைசி வாக்கியத்தில் ‘நிக்கல் மலர்’ என்று எழுதியிருந்தேன். செருமானியச் சுரங்கத்தார் சொன்ன பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த பெயர்ப்பு அது. மலர் என்றவுடன் பிள்ளைகள் இதழைத் தேடுகிறார்கள். ஆனால் தமிழில் ‘பூத்தல்’ என்ற வினைக்கு இதே பொருள் பன்னெடுங்காலமாக இருக்கிறதே! சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோம். ஊறுகாயில் பூஞ்சணம் பூத்தது என்கிறோம். நீறு பூத்த நெருப்பு என்கிறோம். உள்ளே இருந்தது வெளியே வந்து மேலே மெல்லிதாகப் படர்வதே இவ்விடங்களில் எல்லாம் பூத்தல். சுரங்கத்தார் கண்டதும் அதுவே. எனவே ‘நிக்கல் பூ’ என்று பெயரிட்டு, ‘கல்லில் நிக்கல் பூத்திருக்கிறது’ என்று வினையோடு எழுதினால் விளக்கம் வேண்டியதில்லை. ‘நிக்கல் பூப்பு’ என்று ஒருவர் எழுதியதைக் கண்டேன். இலக்கணப்படி குற்றமில்லை; ஆறாம் ஆண்டு வகுப்பில் அச்சொல்லை உரக்கப் படித்துப் பார்த்தால் குற்றம் விளங்கும். பழைய நூல்களில் இதற்கு ‘நிக்கல் காவி’ என்று பொருள்படும் பெயரும் வழங்கியது. காவி என்றால் நமக்குச் செம்மஞ்சள்; பச்சைக் காவியை யார் உடுத்துவர்?

ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில், ‘அன்னபேதி’ என்ற நம் பழஞ்சொல்லே மேனாடு சென்று ‘அன்னபெர்கைட்டு’ ஆயிற்று என்று ஓர் அன்பர் பெருமிதத்தோடு முழங்கக் கேட்டேன். கைதட்டலும் எழுந்தது. அன்னபேதி இரும்பின் கந்தகவுப்பு. அதுவும் வெளிர்பச்சை, அதுவும் இயற்கையில் வழிக்கனிமமாகக் கிடைப்பது. ஒற்றுமை அவ்வளவே. அன்னபெர்க்கில் உள்ள அன்னம் சோறும் அன்று, பறவையும் அன்று. மரியன்னையின் தாயாராகிய புனித அன்னம்மாள். ‘பெர்க்கு’ மலை. தமிழ்ப்பற்று உள்ளவர்களே இத்தகைய சொற்பிறப்பைக் கண்டு முதலில் சினங்கொள்ள வேண்டும். மாணவன் நாளை நூலகத்தில் உண்மையைக் கண்டால், அன்னபேதியை மட்டுமன்றி நாம் சொன்ன அனைத்தையுமே ஐயுறுவான்.

ஆர்செனிக்கைப் பற்றி என் தாள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதுதான் உண்மையான குற்றம்; மற்றவை நடைக்குற்றம். சித்த மருத்துவர் வெள்ளைப் பாடாணம் என்று அஞ்சிக் கையாளும் பொருள் ஆர்செனிக்கின் ஆக்சைடு. தாளகமும் மனோசிலையும் அதன் கந்தகக் கூட்டுகள். நம் பாட்டன்மார் ரப்பர்த் தோட்டத்தில் லாலானுக்கும் பிற களைகளுக்கும் தெளித்த பழைய மருந்தாகிய சோடியம் ஆர்செனைட்டும் அதன் உப்பே. அதைத் தெளித்த இடத்தில் மாடு மேய விடாதே என்று எங்கள் பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நாலில் ஒரு பங்கு ஆர்செனிக் உள்ள ஒரு பச்சை மாவை, அழகிய மலர் என்று மட்டும் சொல்லிப் பிள்ளைகள் முன் வைப்பது எப்படி முறையாகும்? அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம், தொட்டால் கை கழுவ வேண்டும், பொடித்துப் பார்க்கலாகாது.

மறுவாரம் புதிய தாள் எழுதிக் கொடுத்தேன். ‘இரண்டாந்தர’ என்பதை அடித்து ‘வழிக்கனிமம்’ என்றும், ‘மலர்’ என்பதை அடித்துப் ‘பூ’ என்றும் எழுதினேன். கல் எங்களிடம் இல்லை, இருந்தாலும் கொண்டுவரமாட்டேன். பள்ளிக்குப் பின்புறத்துச் செங்கற்சுவரில் மழைக்காலம் முடிந்து உப்புப் பூத்திருந்த இடத்தையும், கோயிலிலிருந்து கேட்டு வாங்கிவந்த பழைய செப்புச் சொம்பின் களிம்பையும் காட்டினேன். கேள்வி கேட்ட பையன் சொம்பை வெகுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் களிம்பும் வழிக்கனிமமா, ஐயா?” என்றான். மனிதன் வார்த்த செம்பின்மேல் உண்டானதைக் கனிமம் என்று கொள்வதில்லை. அதே பச்சை சுரங்கத்துச் செப்புக் கல்லின்மேல் தானே உண்டானால் கனிமம். இவ்வாறு விடையிறுத்தேன். அவன் அதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டான்.